கண்ணாடியில் விட்ட இடம்

அராமே என் சக்களத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "அட, கூடப்பிறந்தவள் என்றல்லவா நினைத்தோம்" என்று வாயைப் பிளக்க வேண்டாம். எங்கள் புருஷன் ஜிப்ரீல் அவளைக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி கெத்தன்தார் மீனவர் தெருவுக்குக் கூட்டி வந்த அன்று நான் அடுப்பே மூட்டவில்லை. வந்தவளுக்கு மீன் அரியத் தெரியாது. சோறு வைத்தால் களியாகும். தெரிந்தது ஒன்றே ஒன்று, கண்ணாடியில் படம் எழுதுவது. அவள் அப்பனும் அதே தொழில்தான்.

அது ஒரு தலைகீழ் வேலை. காகிதத்தில் கோட்டுப்படம் போட்டு, மேலே கண்ணாடியை வைத்து, அடியில் தெரிகிற கோட்டை நிப்புப் பேனாவால் அப்படியே எழுத வேண்டும். அப்புறம் வர்ணம். காய்ந்த பிறகு கண்ணாடியைத் திருப்பினால் மறுபக்கம் படம். அதனால் முன்னால் தெரிய வேண்டியதை முதலில் எழுத வேண்டும். வானமும் கடலும் கடைசியில்தான்.

"எங்க வேலையில முதல்ல கண்ணுதான்க்கா" என்பாள். "கண்ணு தப்பாப்போச்சுன்னா பின்னாடி என்ன பூசினாலும் மறையாது."

"உன் சோறும் அப்படித்தான்டி. எத்தனை மீன் போட்டாலும் மறைய மாட்டேங்குது" என்பேன். சிரிப்பாள். கோபமே வராது அவளுக்கு. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு மக்தார் பிறந்தான். அவள் பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிட்டால் பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. ஆகவே பிள்ளை என் முதுகுக்கு வந்தான். துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருமுனையில் காராமணி வடை சுடுவேன். தோளுக்கு மேலே மூஞ்சியை நீட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டியையே பார்ப்பான். ஒரு தடவை எண்ணெய் தெறித்து நெற்றியில் கொப்புளித்துவிட்டது. அன்று நான் அழுத அழுகையைப் பார்த்துத்தான் தெரு முழுக்க இவன் யார் பிள்ளை என்று முடிவு செய்தது. அவன் அவளை அம்மா என்றான், என்னைப் பெரியம்மா என்றான். சோறு கேட்பது மட்டும் என்னிடம். புத்திசாலிப் பிள்ளை.

ஜிப்ரீல் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்தார். கடலில் மீனும் வற்றியது. தெருவில் இருந்த இளவட்டமெல்லாம் ஸ்பெயின் ஸ்பெயின் என்று படகேறத் தொடங்கிய வருஷம், மக்தாரும் ஏறினான். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. முந்தின நாள் மட்டும், "பெரியம்மா, சீக்கிரம் உனக்கு மாவு அரைக்கிற மெஷின் வாங்கித் தர்றேன். உலக்கையைத் தூக்கிக் கடல்ல போடு" என்றான்.

"முதல்ல உன் சட்டையை நீயே துவைடா, துரை" என்றேன். அவனோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். துரை என்றேன். இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா இந்த வாய்?

போகிற பையன்கள் அடையாள அட்டையைக் கொளுத்திவிட்டுப் போவது வழக்கம். ஊர் தெரிந்தால் அங்கே போலீஸ் திருப்பி அனுப்பிவிடுமாம். எங்கள் மேதாவிக்கு அது போதவில்லை. மூஞ்சியை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று எவனோ சொன்னானாம். தகரப்பெட்டியைத் திறந்து தன் போட்டோ எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போய்விட்டான், பெயர் வைத்த நாளில் எடுத்ததிலிருந்து. பள்ளிக்கூடப் படம் ஒன்று மிச்சம். அதில் கடைசி வரிசையில் யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். காது மட்டும்தான் தெரியும்.

மற்றப் படகுகளில் போனவர்களிடமிருந்து போன் வந்தது. இந்தப் படகிலிருந்து ஒருவனும் பேசவில்லை. பிறகு ஒருநாள் கடலுக்குப் போனவர்கள் ஒரு பலகையைக் கொண்டுவந்து மணலில் போட்டார்கள். மஞ்சளும் பச்சையும் அடித்த பலகை. அது எந்தப் படகின் வர்ணம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மய்யித் இல்லாமலே, உடலைக் கண்ணால் பார்க்காமலே, செத்தவர்களுக்கான ஜனாஸாவை இமாம் தொழ வைத்தார். எல்லாத் தாய்மாரும் வெள்ளை கட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் கட்டினேன். அராமே மட்டும் வாசலில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மய்யித்தைக் காட்டு, வர்றேன்" என்றாள்.

இமாமுக்கே அந்தப் பதில்தான்.

அதற்கப்புறம்தான் அந்தப் படத்தை எழுதினாள். பெரிய கண்ணாடி, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டும். படகு, அதில் அத்தனை பையன்களும். தாய்மார் ஒவ்வொருத்தியாக வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு, "எம்புள்ளைக்கு முன்பல்லு சந்து விட்டிருக்கும்", "எம்மவன் தொப்பியைக் கோணலாத்தான் போடுவான்" என்று சொல்வார்கள். அப்படியே எழுதுவாள். பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். படகின் முனையில், மஞ்சள் பனியனோடு, கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்துக்கொண்டு மக்தார். அவனுக்குக் கழுத்து இருந்தது, காது இருந்தது, கை இருந்தது. மூஞ்சி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வெறும் கண்ணாடி.

"மூஞ்சி எங்கடி?"

"எழுதினா முடிஞ்சுபோயிடும்க்கா. அவன் வரட்டும். எதிர்ல உக்கார வச்சுப் பாத்து எழுதுறேன்."

"பைத்தியமாடி உனக்கு?" என்று கத்தினேன். ஊர் மொத்தமும் தொழுது முடித்தாகிவிட்டது, இவள் ஒருத்திக்கு மட்டும் தனிக் கணக்கா என்று கத்தினேன். அவள் படத்தைத் தூக்கி ஜன்னலில் சாய்த்து வைத்தாள். பிள்ளையின் மூஞ்சியில் வானம் தெரிந்தது. சாயங்காலம் சிவந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று நின்று அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் இரண்டு பேரும் அழுதோம். அதற்கப்புறம் நான் கத்துவதை நிறுத்திக்கொண்டேன். இருக்கட்டும், திறந்தே இருக்கட்டும் என்று எனக்கும் தோன்றிவிட்டது.

கேபே என்கிற ஹாஜியார் அந்தப் படத்தைப் பார்த்தது அப்போதுதான். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் அவருக்கு ஹோட்டல் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல விலையும் சொன்னார். மழைக்காலம் வருகிறது, கூரையில் தகரம் இல்லை. அராமே கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"தர்றேன் ஹாஜியார். ஆனா ஜன்னல்லதான் வைக்கணும். பின்னாடி அட்டை, துணி எதுவும் வைக்கக்கூடாது. அங்க வானம் தெரியணும்."

"உங்க வார்த்தைதான்ம்மா" என்றார்.

போகும்போது அந்த மூஞ்சி இடத்தை மட்டும் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

வருஷம் திரும்பியது. மாவு மில்லுக்குப் போயிருந்தேன். சுவரில் புதுக் காலண்டர் தொங்கியது. அடியில் ஹோட்டல் பெயர், மேலே எங்கள் படகு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கிட்டே போனேன். படகின் முனையில் மஞ்சள் பனியன். அதற்கு மேலே ஒரு மூஞ்சி. பல் தெரியச் சிரிக்கிற, லட்சணமான, அரும்பு மீசை வைத்த மூஞ்சி.

என் பிள்ளைக்கு மீசையே முளைக்கவில்லை, அல்லாஹ்வே! கண்ணாடியை உற்றுப் பார்த்துக்கொண்டு தினமும் தடவுவான், ஒன்றும் வரவில்லை என்று என்னிடம் வந்து புலம்புவான்.

அராமேவிடம் மறைக்கத்தான் பார்த்தேன். எங்கே மறைப்பது? காலண்டரை ஊர் முழுக்க இனாமாகக் கொடுத்திருந்தார்கள். பிஸ்கட் டப்பாவில் அதே படம். துணிப்பையில் அதே படம். மீன் வாங்க வந்தவள் ஒருத்தி அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வாசலிலேயே வந்து நின்றாள். அராமே பையைப் பிடித்து இழுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

"இது யாருக்கா?" என்றாள் என்னிடம்.

ஹோட்டலுக்குப் போனோம். நான் போகிற வழியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன், ஆகவே அவருக்கு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

"அம்மா, காசு கொடுத்து வாங்கினது. என் பொருள். என் வீட்டு மாட்டை நான் எங்க கட்டினா என்ன?" என்றார் கேபே.

"மாட்டுக்கு மனுஷன் தலையை ஒட்டுவீங்களா ஹாஜியார்?" என்றேன் நான்.

அவர் உண்மையிலேயே விழித்தார். எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். படம் ஜன்னலில் இல்லை, சாப்பாட்டு ஹாலில், நல்ல ஃபிரேம் போட்டு, பின்னால் அட்டை அறைந்து மாட்டியிருந்தது. அந்த மூஞ்சி அதிலேயே இருந்தது. "நான் ஒண்ணும் தொடலம்மா. காத்துல ஜன்னல் அடிச்சுக்குது, கண்ணாடி உடைஞ்சுடும்னு ஃபிரேம் போடக் குடுத்தேன். நம்ம அலசான்கிட்டதான்."

அலசான்! எங்களுக்கு அண்ணன் மாதிரி. பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை. அவரும் கண்ணாடியில் எழுதுகிறவர்தான், அராமேவின் அப்பனிடம் கற்றவர். நாங்கள் போய் நின்றதும் உட்காரச் சொல்லி டீக் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

"அண்ணே, என் படகுல ஒரு மூஞ்சி எழுதினீங்களா?" என்று கேட்டாள் அராமே.

"அது ஒரு பெரிய விஷயமா? விடும்மா" என்று சிரித்தார் அவர். "வண்டியில வந்ததுல உரசி, ஒரு பையன் மூஞ்சி உரிஞ்சு போயிருந்துச்சு. போட்டுவிட்டேன்."

எனக்குப் புரிந்தது. இவர்கள் தொழிலில் அது ஒரு மரியாதை. கண்ணாடியில் பூசிய பெயின்ட் எப்போதாவது உரியும். இன்னொருவர் படத்தில் உரிந்த இடத்தைப் பார்த்தால் பேசாமல் சரிசெய்துவிட வேண்டும். கூலி கேட்கக்கூடாது, எழுதியவரிடம் சொல்லவும் கூடாது. சொன்னால், உன் வேலை நிற்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். அராமேயே இவருடைய குதிரைக்கு ஒருதடவை வால் எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரியும்.

"உரியலண்ணே. நான் விட்டு வச்ச இடம்" என்றாள்.

அலசான் கெட்டிலை இறக்கி வைத்தார். "அது... அது யாரு அந்தப் பையன்?"

"மக்தார்."

பெரிய மனுஷன், தாடி நரைத்தவர், தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பெட்டியில கிடந்த கோட்டுப்படத்தை வச்சு எழுதினேன்ம்மா. குதிரைக்காரன் மூஞ்சி. உனக்கு நல்லது செய்யறதா நினைச்சேனே, நல்லது செய்யறதா நினைச்சேனே" என்றார். அவரை என்னவென்று திட்டுவது? திட்டுவதற்கு ஆளில்லாத கோபம் இருக்கிறதே, அது பொல்லாதது.

அவர்தான் எங்களைப் படைப்பாளிகள் உரிமையைப் பார்க்கிற அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். கேபேயையும் வரவழைத்து உட்கார வைத்தாள்.

"ஹாஜியார், நீங்க வாங்கினது கண்ணாடியை. அதை வீட்ல மாட்டலாம், விக்கலாம். அதைப் பாத்து நகல் எடுக்குற உரிமை இந்த அம்மாகிட்டதான் இருக்கு. அவங்க அதை விக்கல. கேக்காம அச்சடிச்சது தப்பு. அவங்க எழுதாத முகத்தோட அச்சடிச்சது அதைவிடத் தப்பு."

கேபேக்கு முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லாஹ், எனக்குத் தெரியாதும்மா. கண்ணாடி என்னுதுன்னா படமும் என்னுதுன்னு நினைச்சேன். என்ன வேணுமோ கேளுங்க, தர்றேன்."

நான் அராமேவைப் பார்த்தேன். காசு கேள், அவரும் தருவார், உனக்கு உரியதுதான் என்று முழங்கையால் இடித்தேன்.

"அந்த மூஞ்சியைத் திருப்பி எடுத்துக்கிட்டாப் போதும்" என்றாள்.

"எடுத்துடலாம்மா. மிச்சம் இருக்கறதைக் கொளுத்திடறேன். கண்ணாடியையும் திருப்பித் தர்றேன்."

"ஊருக்குக் குடுத்ததை?"

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீடு வீடாப் போயி யாராலயும் பிடுங்க முடியாதும்மா" என்றாள். நல்ல பெண். சட்டத்துக்குக் கை எட்டுகிற தூரம் வரைக்கும் எட்டினாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, நான் காராமணி இடித்துக்கொண்டிருந்தேன். அராமே எழுந்து வந்து உரலுக்குப் பக்கத்தில் நின்றாள். முகம் கழுவவில்லை.

"அக்கா, கனவுல வந்தான்."

"நல்லதுதானேடி."

"மீசையோட வந்தான்."

உலக்கை என் கையிலேயே நின்றுவிட்டது. போட்டோ கிடையாது, மய்யித் கிடையாது, புதைத்த கப்ர் கிடையாது. அந்தப் பிள்ளை மூஞ்சி உலகத்தில் இரண்டே இடத்தில்தான் மிச்சம் இருந்தது, அவள் தலைக்குள்ளேயும் என் தலைக்குள்ளேயும். அதில் ஒன்றிற்குள் குதிரைக்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அன்றே கிளம்பினேன். சட்டம் பிடுங்காவிட்டால் நான் பிடுங்குகிறேன் என்று மாவு மில்லில் தொடங்கினேன். கிழித்தேன். மளிகைக் கடையில் கிழித்தேன். கடைக்காரன், "ஏ கிழவி, தேதி பாக்க என்ன பண்ணுவேன்?" என்றான். "சூரியனைப் பாருடா" என்றேன். இப்படியே வந்து கொம்பா வீட்டு வாசலில் நின்றேன். அவளுடைய பையனும் அதே படகில்தான். கோணல் தொப்பிக்காரன். சுவரில் அந்தக் காலண்டரை பிளாஸ்டிக் பூ வைத்து மாட்டியிருந்தாள்.

கையை நீட்டினேன். அவள் சுவருக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றாள்.

"பெந்தா, கால்ல விழறேன். உம்புள்ள மூஞ்சி சரியில்லைன்னா எம்புள்ளை மூஞ்சியை ஏன் கிழிக்கணும்? எனக்கு இருக்கறது இதுதானே."

அவள் மட்டுமா? எல்லாத் தாய்மார் வீட்டுச் சுவரிலும் அது இருந்தது. அராமே அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம், திறந்த கதவுகளுக்குள்ளிருந்து, அந்த மீசைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

கேபே சொன்னபடி செய்தார். கண்ணாடி துணி சுற்றி வந்து சேர்ந்தது. அராமே பிளேடை எடுத்துக் குதிரைக்காரனைச் சுரண்டினாள். சுருள் சுருளாக உதிர்ந்தான். நானே கூட்டி அள்ளித் தெருவில் கொட்டினேன்.

அப்புறம் அவள் நிப்பை மையில் தொட்டாள்.

"என்னடி பண்றே?"

"எழுதப்போறேன்க்கா. விட்டு வச்சா எவனோ வந்து உக்காந்துக்கறான்."

இத்தனை நாள் திறந்து வைத்திருந்த கதவை அவளே சாத்தப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தடுக்க மனம் வரவில்லை. எழுதட்டும், ஒரு மூஞ்சியாவது மிஞ்சட்டும். அடியில் கோட்டுப்படம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. என் பிள்ளைக்கு எதுக்கு என்றாள்.

நான் வாசலில் வடைச்சட்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எழுதினாள். மூக்கை எழுதினாள். கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். நான் கரண்டியோடு எழுந்து போய்ப் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். அதே குதிரைக்காரன், மீசை மட்டும்தான் இல்லை.

துணியால் துடைத்தாள். மறுபடி எழுதினாள். அவனேதான். மறுபடி துடைத்தாள்.

"அக்கா, நீ சொல்லு. உம்முதுகுலயே கெடந்தவன். நீ சொல்லு, நான் எழுதறேன். கண்ணு எப்படி இருக்கும்?"

"இதைப் போய்க் கேக்குறியே" என்றேன். எனக்கென்ன, யோசிக்கவா வேண்டும்? காது விடைத்திருக்கும் என்றேன். அது ஏற்கெனவே கண்ணாடியில் இருந்தது. நெற்றியில் எண்ணெய் தெறித்த தழும்பு என்றேன். புள்ளி வைத்துக்கொண்டாள். அவனுடைய பாரம் எனக்குத் தெரியும். பிடரியில் வழிந்த எச்சிலின் சூடு தெரியும். சிரித்தால் வயிறு குலுங்கி என் முதுகில் இடிப்பது தெரியும். கண்? கண்ணை மூடித் தேடினேன். மாவு மில் சுவர் வந்தது. கொம்பா வீட்டுச் சுவர் வந்தது. இன்னும் இறுக்கி மூடினேன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற குழந்தைக்கும் மீசை இருந்தது.

"ஏன்க்கா பேச மாட்டேங்கறே?"

என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும். அன்று அதிலிருந்து ஒரு சொல்தான் வந்தது.

"வரலடி."

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

அவள் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தாள், தழும்புக்கு வைத்த புள்ளியையும் சேர்த்து. கண்ணாடியைத் தூக்கி ஜன்னலில் பழைய இடத்தில் சாய்த்து வைத்தாள். மஞ்சள் பனியனுக்கு மேலே வானம் வந்தது.

"அக்கா," என்றாள், வானத்தைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னா, நமக்கு அடையாளம் தெரியுமாக்கா?"

அடுப்பில் வடை கருகிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை.